வீட்டு முற்றத்திற்குப் பொடுதலை

அணுபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் முதலிய ஊர்களில் வீட்டைச் சுற்றித் தோட்டம் வைக்க விரும்புவோர்க்கு இரண்டு இடையூறுகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் கனமழை, மூடப்படாத மேல்மண்ணை அரித்துச் செல்லும். சித்திரை, வைகாசியிலோ கிணற்றில் ஜலம் குறைந்து, புல்தரைக்கு வார்ப்பது பெரும் சிரமமாகிவிடும். இவ்விரண்டிற்கும் பரிகாரமாகத்தக்க செடியொன்று வயல் வரப்பிலும், ஏரிக்கரையிலும், வாய்க்கால் ஓரத்திலும் எவரும் விதையாமலே படர்ந்து கிடக்கின்றது. அதுவே பொடுதலை.

இது தரையோடு தரையாய்ப் படரும் பூண்டு. கணுதோறும் வேர்விட்டு மண்ணைப் பற்றிக்கொள்ளும். இலைகள் எதிரெதிராக அமைந்து, நுனிப்பக்கம் மட்டும் பற்கள் போல் வெட்டுப்பட்டிருக்கும். நீண்ட காம்பின் தலைப்பில் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த சிறு பூக்கள் நெருங்கி மலரும். பூத்தலை முதிருங்கால் திப்பிலியைப் போல் நீளுவதால், வடமொழியில் இதனை ஜலபிப்பலி என்பர். தாவர நூலார் முன்னர் லிப்பியா என்று வழங்கிய இச்செடியை இப்பொழுது ஃபைலா நோடிஃப்ளோரா என்கின்றனர். பொடுகு நீங்குவதற்குத் தைலம் காய்ச்சும் வழக்கத்தால் நம் வீட்டுப் பெண்டிர் இதனை நன்கு அறிவர்.

நடுவதற்கு ஆவணி மாதம் ஏற்றது. அம்மாதத்து மழையில் வேரூன்றிய செடி, ஐப்பசி மழைக்கு முன் தரையை மூடத் தொடங்கிவிடும். ஐப்பசியில் நடுவோரின் துண்டுகள் மண்ணோடு அடித்துச் செல்லப்படுவதுண்டு. முதலில் நிலத்தை அரையடி ஆழம் கொத்தி, கோரைக் கிழங்குகளை ஒன்று விடாமல் பொறுக்கிவிட வேண்டும். இதில் சோம்பினால் பின்னர்ப் படும் பாடு அதிகம். மணற்பாங்கான இடத்தில் மக்கிய தொழுவுரம் கலப்பது நலம். சாக்கடை கலவாத, களைக்கொல்லி தெளிக்காத இடத்திலிருந்து கொடிகளைக் கொணர்ந்து, மூன்று நான்கு கணுக்களுள்ள துண்டுகளாக நறுக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுள் புதையுமாறு சாணுக்கு ஒன்றாக நடுக. நூறு சதுர அடிக்குச் சுமார் 180 துண்டுகள் வேண்டும்.

முதல் இரண்டு வாரம் மழையில்லாத நாட்களில் தினமும் நீர் தெளித்து, பிறகு படிப்படியாகக் குறைக்கலாம். கடுங்கோடையில் நீரின்றி இலை பழுப்பேறினாலும், வேர் பிழைத்திருப்பின் அடுத்த மழையில் துளிர்க்கும். நல்ல வெயில் படும் இடமே இதற்கு உகந்தது. மரநிழலில் அடர்த்தி குறையும். இலேசான நடமாட்டத்தைத் தாங்குமாயினும், ஓயாது மிதிபடும் நடைபாதைக்கு உதவாது.

எச்சரிக்கை இரண்டு. பூக்களைத் தேடித் தேனீக்கள் வருமாதலால், குழந்தைகள் வெறுங்காலுடன் விளையாடும் பகுதியில் பூத்தலைகளை அவ்வப்போது கத்தரித்துவிட வேண்டும். மேலும், படரும் செடிக்கு எல்லை வேண்டும். பாத்தியைச் சுற்றிச் செங்கல் பதித்து, மீறும் கொடிகளை மாதம் ஒருமுறை வெட்டுக. இதன் நெருங்கிய இனமொன்று தென் அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா சென்று, அங்கு ஆற்றுவெள்ளம் பாயும் மேய்ச்சல் நிலங்களில் பெருங்களையாகிவிட்டது. அந்நிய மண்ணில் தீங்கு விளைப்பதும் சொந்த மண்ணில் நன்மை தருவதும் செடிகளின் இயல்பு.

கடலலையின் உப்புச்சாரல் நேரே விழும் மணல்மேட்டிற்கு அடம்பங்கொடியே தக்கது. அதற்கு உட்புறமுள்ள வீட்டு முற்றங்களில், விலை கொடாமலே கிடைக்கும் பொடுதலையை இவ்வாவணியில் ஒரு பாத்தியிலேனும் நட்டுப் பார்ப்போர், மேல்மண்ணையும் கிணற்று நீரையும் ஒருங்கே காத்தவராவர்.