சித்திரை விண்மீன்

நீல ஒளி வீசும் விண்மீன்களுள் நம் மாதமொன்றுக்கே பெயர் தந்தது சித்திரை. முழுமதி இம்மீனை அடுத்து நிற்கும் மாதமே சித்திரை மாதம் எனப்பட்டது. இலத்தீனில் இதற்கு ஸ்பைக்கா, அதாவது தானியக் கதிர் என்று பெயர். கன்னியொருத்தி கையில் ஏந்திய கதிராகப் பண்டையோர் இதனைக் கண்டனர். கதிர் என்னும் நம் சொல்லோ ஒளியையும் குறிக்கும். பெயர் இருவகையிலும் பொருந்துகிறது!

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் ஹிப்பார்க்கஸ் இதன் இடத்தை அளந்தார். ஏறத்தாழ 150 ஆண்டுகட்கு முன் டிமோக்காரிஸ் குறித்துவைத்த அளவோடு ஒப்பிட்டபோது 2 பாகை வேறுபாடு கண்டார். முன்னவர் கணக்கைப் பிழையென்று அவர் தள்ளிவிடவில்லை. பகலும் இரவும் சமமாகும் நாளில் கதிரவன் நிற்கும் புள்ளியே மெல்ல நகர்கிறது எனத் துணிந்தார். புவியின் அச்சு, பம்பரம் தலையாட்டுவதுபோல், ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிடுவதே இதன் காரணம் என்பதை இன்று அறிவோம்.

மே மாதத்தில், நிலவில்லாத இரவு 9 மணியளவில் வடக்கே நோக்குவோம். சப்தரிஷி மண்டலத்தின் வளைந்த வாலை அவ்வளைவு மாறாது நீட்டினால் செம்மஞ்சள் நிறச் சுவாதி தென்படும். மேலும் தெற்கே நீட்டினால் சித்திரை. கருவி ஏதும் தேவையில்லை. ஒன்றெனத் தோன்றும் அது உண்மையில் 4 நாளுக்கொருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் இரு விண்மீன்கள். சிறிய தொலைநோக்கியால் அவற்றைப் பிரித்துக் காண இயலாது.