நீர் ஒன்று, சுவை பல

ஒரே வாய்க்காலின் நீரைப் பருகிக் கரும்பு இனிக்கிறது, மிளகாய் உறைக்கிறது, பாகல் கசக்கிறது. அருள்மறையின் ‘அர்ரஃது’ அத்தியாயம், நான்காம் வசனம், ஒரே நீர் பாய்ந்தும் விளைபொருள்கள் சுவையால் வேறுபடுவதை அறிவுடையோர்க்கு அத்தாட்சியாகக் காட்டுகிறது. அச்சிந்தனையை வேரிலிருந்து தொடங்குவோமாக!

வேர் நுனியை அடுத்து மெல்லிய தூவிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஓர் உயிரணுவின் நீட்சியே. அமெரிக்க ஆய்வாளர் டிட்மர், நான்கு மாத வயதுடைய ஒரு ரை தானியச் செடியின் வேர்களைக் கணக்கிட்டு 1937-இல் வெளியிட்டார். அவ்வேர்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 620 கிலோமீட்டர். தூவிகளோ சுமார் 1,400 கோடி!

தூவியின் உட்சாறு மண்ணிலுள்ள நீரைவிடச் செறிவானது. ஆதலின் நீர் தானே உள்ளே ஊறுகிறது. இலைகளில் நீர் ஆவியாகுந்தோறும், தண்டின் நுண்குழாய்கள் வழியே கீழுள்ள நீர் மேலே இழுக்கப்படுகிறது. சத்துக்களின் நிலை வேறு. அவை மண்ணீரில் மிகச் சொற்பமாகவே கரைந்துள்ளன. எனவே வேர், தான் சுவாசித்துப் பெற்ற ஆற்றலைச் செலவிட்டே அவற்றுள் பெரும்பாலானவற்றைச் சேர்க்கிறது.

உள்ளே ஒரு காவலும் உண்டு. நீர்க்குழாய்களைச் சூழ்ந்த உயிரணுக்களின் இடைச்சுவர்களில் நீர் புகாத பட்டை ஒன்று அமைந்துள்ளது. ‘காஸ்பரிப் பட்டை’ என்பது அதன் பெயர். இடுக்கு வழியே வந்தவை அங்கே தடைப்பட்டு, உயிரணுவின் சவ்வைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டும். வேண்டாதவற்றுள் பல அங்கேயே நின்றுவிடுகின்றன.

இவ்வாறு வந்த நீரையும் சத்தையும், காற்றிலுள்ள கரியமில வாயுவையும் கொண்டு, சூரிய ஒளியின் துணையால் செடி தன் சுவையைத் தானே ஆக்குகிறது. கரும்பின் இனிப்பு மண்ணில் இல்லை!

ஆயினும் அக்காவலையும் ஏமாற்றும் நஞ்சு உண்டு. பங்களாதேஷின் சில பகுதிகளில், நிலத்தடி நீரிலுள்ள ஆர்செனிக், பாஸ்பேட்டும் சிலிக்கானும் நுழையும் அதே வாயில்களில் புகுந்து நெல்மணி வரை ஏறுகிறது. உருவில் சத்தை ஒத்திருப்பதால் வேர் அதனைப் பிரித்தறிய இயலவில்லை.

வேருக்கு அறிவில்லை, அதன்மீது குற்றமும் இல்லை. நமக்கோ அறிவு வழங்கப்பட்டுள்ளது. வட்டியும் கையூட்டும் ஊதியத்தின் உருவில் நம் வாசலுக்கு வருகின்றன. அவற்றை வாசலிலேயே தடுப்பீராக! வேரில் புகுந்தது மணியில் ஏறும். நம் வருவாயில் புகுந்தது பிள்ளைகளின் உணவுத் தட்டில் ஏறும்.