ஒரே வில்லையில் பல பார்வை: வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கும் முறை

நாற்பது வயதைக் கடந்தவர்கள் செய்தித்தாளைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்துப் படிப்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். இதனை வெள்ளெழுத்து என்பர். இது நோயன்று; வயதின் இயல்பு. கண்ணினுள் அமைந்த வில்லை இளமையில் நெகிழ்ச்சி உடையது. அருகிலுள்ள பொருளை நோக்கும்போது தானே மேலும் குவிந்து தன் திறனைக் கூட்டிக்கொள்கிறது. வயது ஏற ஏற அது இறுகிவிடுவதால் இவ்வாற்றல் குன்றுகிறது.

நாற்பது சென்டிமீட்டர் தூரத்திலுள்ள எழுத்தைக் காண 2.5 டயாப்டர் திறன் தேவை. தொடக்கத்தில் இதில் பெரும்பகுதியைக் கண்ணே தந்துவிடும்; ஏறக்குறைய 1 டயாப்டரைக் கண்ணாடி தந்தால் போதும். அறுபது வயதளவில் ஏறத்தாழ முழுவதையும் கண்ணாடியே தரவேண்டியதாகிறது. கண்ணாடி தரும் இப்பங்கே 'கூடுதல் திறன்' எனப்படும்.

படிப்பதற்கென்று தனிக் கண்ணாடி அணியலாம். ஆனால் வகுப்பறையில் நிற்கும் ஓர் ஆசிரியரின் நிலையைக் கருதுவோம். கையில் பாடநூல், மேசைக்கு அப்பால் முன்வரிசை மாணவர், அறையின் கோடியில் கடைசி வரிசை. மூன்று தூரங்களையும் அவர் மாறி மாறி நோக்கவேண்டும். படிக்கும் கண்ணாடியோடு தலை நிமிர்ந்தால் கடைசி வரிசை மங்கிவிடும். கழற்றினால் பாடநூல் மங்கிவிடும்.

இரண்டு வில்லையிலிருந்து ஒரே வில்லைக்கு

இத்தொல்லையை அனுபவித்தவர்களுள் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒருவர். தூரப் பார்வைக்கும் படிப்பிற்குமான இருவகை வில்லைகளையும் பாதியாக வெட்டி, ஒரே வளையத்தில் மேலும் கீழுமாகப் பொருத்திக்கொண்டதை 1785-ஆம் ஆண்டு நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் விவரித்தார். இதுவே பைஃபோகல். ஆயினும் இதில் இடைத்தூரத்திற்கு இடமில்லை. இரு பகுதிகளும் சேரும் கோட்டில் உருவம் துள்ளுவதும் உண்டு.

கோடின்றித் திறன் படிப்படியாக ஏறும் வில்லைக்கு ஓவன் ஏவ்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1907-இல் காப்புரிமை பதிவு செய்தார். பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் பெர்னார் மெத்தெனாஸ் உருவாக்கிய 'வாரிலக்ஸ்' 1959-இல் விற்பனைக்கு வந்தபின்னரே இவ்வகை பரவலாயிற்று. 'புரோகிரஸிவ்' என்று கடைகளில் வழங்குவது இதுவே. இதன் மேற்பகுதி தூரத்திற்கும், அடிப்பகுதி படிப்பிற்கும் ஆனது. இரண்டையும் இணைக்கும் ஒடுங்கிய இடைவழி இடைத்தூரங்களுக்குப் பயன்படுகிறது.

இயற்கை கேட்கும் விலை

இந்த வசதி இலவசமாகக் கிடைப்பதன்று. ஜெர்மன் கணிதவியலார் மிங்க்விட்ஸ் 1963-இல் ஒரு விதியை வெளியிட்டார். இடைவழியின் நடுக்கோட்டில் திறன் எவ்வளவு விரைவாக ஏறுகிறதோ, அதைப்போல் இருமடங்கு விரைவில் அக்கோட்டின் இருபுறமும் உருவச் சிதைவு பெருகும் என்பதே அவ்விதி.

எடுத்துக்காட்டாக, 2 டயாப்டர் கூடுதல் திறன் 16 மில்லிமீட்டர் நீளத்தில் சீராக ஏறுவதாகக் கொள்வோம். ஏற்றம் மில்லிமீட்டருக்கு 0.125 டயாப்டர், பக்கவாட்டில் சிதைவு மில்லிமீட்டருக்கு 0.25 டயாப்டர். அரை டயாப்டர் வரையிலான சிதைவு பொறுக்கத்தக்கது எனின், தெளிவான இடைவழியின் அகலம் 4 மில்லிமீட்டர். சிறிய பிரேமில் அடங்குவதற்காக இடைவழியை 10 மில்லிமீட்டராகக் குறைத்தால் அகலம் இரண்டரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும்.

இக்காலத்தில் கணிப்பொறியின் துணைகொண்டு ஒவ்வொருவருக்கும் ஏற்பத் தனியே வில்லையைக் கடையமுடிகிறது. ஆயினும் சிதைவை இடம் மாற்றலாம், பரப்பலாம். அறவே நீக்க இயலாது. எனவே கண்ணாடி வல்லுநர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, இவருக்கு எந்த இடத்தில் மங்கல் இருந்தால் தொல்லை குறைவு என்பதே.

தேர்ந்தெடுக்கும் முறை

ஆகவே நல்ல வல்லுநர் விலைப்பட்டியலை எடுக்குமுன் கேள்விகளைக் கேட்கிறார். தொழில் யாது? எவ்வளவு தூரத்தில் பார்க்கவேண்டும்? முன்பு அணிந்த கண்ணாடி எத்தகையது? பைஃபோகலில் நிறைவோடு இருப்பவரைக் காரணமின்றி மாற்றுவது முறையன்று. நாள் முழுதும் கணிப்பொறியின் முன் இருப்பவருக்கு இடைத்தூரத்தை அகலமாக்கிய அலுவலக வில்லை ஏற்றது. ஆனால் அதை அணிந்து வண்டி ஓட்டலாகாது. தலைக்கு மேலுள்ள கம்பிகளைப் பழுது பார்க்கும் மின்பணியாளருக்கு அடிப்பகுதியிலுள்ள படிப்புத் திறனால் பயனில்லை.

அமைப்பிலும் இருவகை உண்டு. ஒன்றில் தெளிவான பகுதி அகலமானது. ஆனால் ஓரத்தில் சிதைவு திடீரெனத் தோன்றும். மற்றொன்றில் சிதைவு மென்மையாகப் பரவியிருக்கும். தெளிவான பகுதி சற்றுக் குறுகும். முதன்முறை அணிபவர்க்கும் நடமாட்டம் மிக்கவர்க்கும் பெரும்பாலும் பின்னதே பொருந்துகிறது. கூடுதல் திறன் குறைவாக உள்ளபோதே அணியத் தொடங்குவோர் எளிதில் பழகிவிடுகின்றனர்.

அடுத்தது அளவெடுத்தல். பிரேமை முகத்திற்குப் பொருத்திய பின்னரே அளக்கவேண்டும். மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்மணியின் தூரத்தையும் தனித்தனியே அளப்பர். பலருக்கு இவை சமமாக இரா. அணிபவர் இயல்பாக நேரே நோக்கியிருக்க, வல்லுநர் அவர் கண்மட்டத்தில் இருந்துகொண்டு கண்மணியின் உயரத்தை வில்லையில் குறித்துக்கொள்வார். முன்கண்ட கணக்கை நினைவுகூர்ந்தால் இதன் இன்றியமையாமை விளங்கும். இடைவழியின் அகலமே 4 மில்லிமீட்டர் எனும்போது, 2 மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால் கண் இடைவழியின் விளிம்பில் நிற்கும். உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய வில்லை பெட்டியில் உறங்குவதற்கு இத்தகைய பிழையும் ஒரு காரணம்.

வில்லையை ஒளிக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு நுண்ணிய குறிகள் புலப்படும். பொட்டுப் பக்கத்துக் குறியின் கீழ்க் கூடுதல் திறன் பொறிக்கப்பட்டிருக்கும். 20 என்றிருப்பின் 2.0 டயாப்டர் என்று பொருள்.

படிகளில் எச்சரிக்கை

பக்கத்தில் உள்ளதைப் பார்க்கக் கண்ணை மட்டும் திருப்பாமல் தலையையும் திருப்பவேண்டும். பெரும்பாலோர் இரு வாரங்களுக்குள் பழகிவிடுவர். பழகாவிடில், வில்லையைக் குறைகூறுமுன் பிரேமின் பொருத்தத்தையும் அளவுகளையும் மீண்டும் சோதிக்கச் செய்க. படியிறங்கும்போது காலடி தெரிவது படிப்புப் பகுதியின் வழியே ஆதலால் அது மங்கலாகத் தோன்றும். தாடையைத் தாழ்த்தி மேற்பகுதியால் நோக்குதல் வேண்டும்.

முதியோரிடம் இது அற்பச் செய்தியன்று. ஆஸ்திரேலியாவில் பல்குவியக் கண்ணாடி அணியும் 606 முதியோரைக்கொண்டு நடத்திய ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. வெளியில் செல்லத் தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்றும் தனியே பெற்றவர்களுள், அடிக்கடி வெளியில் நடமாடுவோர் விழுவது குறைந்தது. ஆனால் அரிதாக வெளியில் செல்வோர் வெளியிடங்களில் விழுவது மிகுந்தது. ஒருவருக்கு நன்மையான மாற்றம் மற்றவருக்குத் தீங்காகலாம் என்பதற்கு இது சான்று. வரப்பிலும் மேட்டிலும் நடந்து, இடையிடையே படிவம் நிரப்பும் களப்பணியாளர் இதனைத் தம் வல்லுநரிடம் எடுத்துரைப்பது நன்று.

இறுதியாக ஒன்று. தூரப்பார்வை குறையாதவர்க்கு எளிய படிப்புக் கண்ணாடியே பெரும்பாலும் போதும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளரிடையே நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2018-இல் வெளியாயிற்று. அருகுப்பார்வைக் கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து பறிக்கும் அளவு, பெறாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. விலையுயர்ந்த வில்லை வாங்க இயலாதென்று கண்ணாடியே இன்றி இருப்போர்க்கு இச்செய்தியை எடுத்துச்சொல்க. கண்ணாடி எதுவாயினும், முதலில் கண்ணைத் தகுதியுடையவரிடம் சோதிக்கச் செய்க. பார்வை திடீரென மங்கினால் அது வெள்ளெழுத்தன்று. காலம் தாழ்த்தாது கண் மருத்துவரை நாடவேண்டும்.