பிள்ளை துப்பாக்கி சுடப் பழகும்போது: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

2012 லண்டன் ஒலிம்பிக்கில், சென்னையில் பிறந்த ககன் நரங் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஏர் ரைஃபிள் பிரிவில் இந்தியாவுக்காகப் போட்டியிட்டார். 2024 பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றபிறகு, எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளும் ‘நானும் சுடப் பழகணும்’ என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அந்த ஆசையில் தவறில்லை. ஒழுங்காக நடத்தப்படும் ரேஞ்சில் இது பாதுகாப்பான விளையாட்டுதான். ஆனால் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது பெற்றோரின் பொறுப்பு. அதற்குச் சட்டமும் ஆபத்துகளும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 20 ஜூல் ஆற்றலுக்கும் 0.177 அங்குல (4.5 மில்லிமீட்டர்) துளை அளவுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். 10 மீட்டர் ஏர் ரைஃபிளும் ஏர் பிஸ்டலும் 4.5 மில்லிமீட்டர் அளவுதான். உரிமம் வேண்டாம் என்பதால் பலர் அதைப் பொம்மையாக நினைத்துவிடுகிறார்கள். விபத்து அங்கேதான் தொடங்குகிறது.

தோட்டா போட்டுச் சுடும் .22 ரைஃபிள் போன்றவற்றின் நிலை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர் அவற்றை வைத்திருக்கக் கூடாது. பயிற்சிக்கு மட்டும், 12 வயது நிரம்பியவர்கள், பெரியவர் ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில், விதிகளுக்கு உட்பட்டுச் சுடலாம். ‘பிள்ளைக்குத் திறமை இருக்கிறது, சீக்கிரமே .22க்கு மாற்றிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் வயதையும் விதியையும் கேளுங்கள்.

மிகச் சிறிய பிள்ளைகளுக்கு நல்ல மாற்றுவழி லேசர் துப்பாக்கி. ஜெர்மனியில் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பொதுவாக ஒளிக்கற்றைத் துப்பாக்கியில்தான் பழகுகிறார்கள். நிற்கும் முறை, குறி பார்த்தல், மூச்சை அடக்குதல், விசையை அலுங்காமல் அழுத்துதல் எல்லாவற்றையும் ஒரு பெல்லட்கூட (காற்றுத் துப்பாக்கியின் சிறு குண்டு) இல்லாமல் கற்றுக்கொள்ளலாம். எடைப் பிரச்சினையும் குறையும். போட்டி ஏர் ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம் என்கிறது சர்வதேச விதி. பத்து வயதுப் பிள்ளையின் முதுகும் தோளும் அதைத் தாங்காது. தாங்கும் பருவம் வரும்வரை முட்டுக்கொடுக்கும் ஸ்டாண்டு வேண்டும்.

முதல் பாடம் குறி பார்ப்பதல்ல

நல்ல கோச் முதல் நாளிலேயே பிள்ளை கையில் துப்பாக்கியைக் கொடுக்கமாட்டார். முதலில் விதிகளைப் பழக்குவார். எந்தத் துப்பாக்கியும் நிரப்பப்பட்டிருப்பதாகவே நினைக்க வேண்டும். குழல் முனை எப்போதும் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும். சுடத் தயாராகும்வரை விரல் விசைமேல் போகக் கூடாது. சுடாத நேரத்தில், துப்பாக்கி காலி என்று காட்டும் சேஃப்டி ஃபிளாக் குழலுக்குள் இருக்க வேண்டும். யாராவது இலக்கை நோக்கி நடந்தால், ஒருவர்கூடத் துப்பாக்கியைத் தொடக் கூடாது.

இவற்றோடு ‘ஸ்டாப்’ என்ற கட்டளை. அது காதில் விழுந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஆபத்தைக் கண்டால் அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை அங்கிருக்கும் எல்லோருக்கும் இருக்க வேண்டும், கடைக்குட்டிப் பிள்ளை உட்பட. தயங்காமல் சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள். சொன்னதற்காகத் திட்டு வாங்கும் இடமென்றால் அங்கே சேர்க்காதீர்கள்.

கண்ணும் காற்றும் ஈயமும்

போட்டித் துப்பாக்கியிலிருந்து பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. கண்ணில் பட்டால் பார்வை போகும். கடினமான பரப்பில் பட்டுத் திரும்பியும் தெறிக்கும். எனவே சுடுபவர் மட்டுமல்ல, அருகில் நிற்பவர்களும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். இலக்குக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டி சரியாக இருக்க வேண்டும். .22 ரேஞ்சில் காதுக் காப்பும் கட்டாயம்.

நவீன ஏர் ரைஃபிள்களின் சிலிண்டரில் 200 பார் அல்லது அதற்கும் மேலான அழுத்தத்தில் காற்று அடைக்கப்படுகிறது. சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். காலாவதியானதைப் பயன்படுத்தக் கூடாது. காற்று அடைப்பது பெரியவர் வேலை. ஆக்சிஜனை ஒருபோதும் அடைக்கக் கூடாது, வெடிக்கும்.

அதிகம் பேசப்படாத ஆபத்து ஈயம். பெல்லட்டின் பெரும்பகுதி அதுதான். விரலில் ஒட்டும், இலக்குப் பெட்டியில் மோதித் தூளாகும். விழுங்கும் ஈயத்தை, பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு நிரப்பும் பழக்கத்தை உடனே நிறுத்துங்கள். ரேஞ்சுக்குள் தின்பண்டம் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவ வேண்டும். தரையைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காற்றோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்து பயிலும் பிள்ளைக்கு ரத்தத்தில் ஈய அளவைச் சோதிப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

தொடுதல் பற்றி

நிற்கும் முறையைத் திருத்த கோச் சில சமயம் தோளையோ முழங்கையையோ தொட வேண்டிவரும். தொடும்முன் சொல்லி, பிள்ளையிடம் கேட்டு, மற்றவர் பார்வையில் செய்வதே முறை. மூடிய அறையில் தனிப் பயிற்சி, இரவில் தனிப்பட்ட செய்திகள், பெற்றோர் இல்லாமல் வெளியூர்ப் பயணம் எதையும் ஏற்க வேண்டாம். பயிற்சியை உட்கார்ந்து பார்க்கப் பெற்றோருக்கு அனுமதி மறுக்கும் கழகத்தை நம்பாதீர்கள்.

தவறு நடந்ததாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ காவல் நிலையத்தையோ அணுகலாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். ‘கழகத்தின் பெயர் கெடும்’ என்று மறைக்கும் நிர்வாகிகளுக்கும் இது பொருந்தும். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. சீருடை அணியாத அதிகாரிதான் வாக்குமூலம் பெற வேண்டும்.

காயம் பட்டால்

கண்ணில் பட்டால் தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், கழுவாதீர்கள். காகிதக் கப்பைக் கண்மேல் அழுந்தாமல் மூடிப் பிடித்து உடனே கண் மருத்துவமனைக்குப் போங்கள். உடலில் வேறெங்கு பட்டாலும், வெளியே தெரியும் சிறு துளையைப் பார்த்து அலட்சியம் செய்யக் கூடாது. பெல்லட் ஆழமாகப் போயிருக்கலாம். ஆம்புலன்ஸுக்கு 108.

போலீஸ் கேஸ் என்று சொல்லி எந்த மருத்துவமனையும் அவசர சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சிகிச்சை முதலில், நடைமுறைகள் பிறகு.

கழகத்தின் கவனக்குறைவுதான் காரணம் என்றால், பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிக்கும் அலட்சியத்தைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 125ஆம் பிரிவின்கீழ் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு தந்த சேவையில் குறைபாடு என்று, இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். வழிகாட்ட 1915 என்ற எண் இருக்கிறது. கட்டண ரசீது, மருத்துவச் சீட்டு, இடத்தின் புகைப்படம், நேரில் பார்த்தவர்கள் விவரம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

விபத்தே நேராமல் இருக்க, வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி வையுங்கள். பெல்லட்டை வேறிடத்தில் பூட்டுங்கள். சாவி பிள்ளைக்கு எட்டக் கூடாது. மொட்டைமாடியில் காக்கை, கிளி சுட்டுப் பழக விடாதீர்கள். அண்டை வீட்டாருக்கு ஆபத்து. கிளி போன்ற பறவைகளைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

பணம் கட்டும் முன் கழகத்திடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஒரு கோச்சின் கீழ் எத்தனை பிள்ளைகள்? கண் காப்பு எல்லோருக்கும் உண்டா? முதலுதவி தெரிந்தவர் யார்? நாங்கள் உட்கார்ந்து பார்க்கலாமா? பிள்ளைகள்மேல் அக்கறையுள்ள கழகம் இந்தக் கேள்விகளை விரும்பி வரவேற்கும். எரிச்சலோடு பதில் வந்தால், அங்கே எத்தனை கோப்பைகள் அடுக்கியிருந்தாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேறு கழகம் தேடுங்கள்.