வேகக் குறைப்பியின் ஒலிகளும் பதிவேட்டுத் தமிழும்

செம்பனை ஆலையொன்றின் பணிப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்க எனக்கு வாய்த்தது. இரவுப் பணியிலிருந்த பயிற்சியாளர் 'கியர்பாக்ஸில் சத்தம்' என்று மட்டும் எழுதியிருந்தார். காலைப் பணியினர் எண்ணெய் அளவைப் பார்த்தனர். சரியாக இருந்ததால் விட்டுவிட்டனர். மாலையில் பல் முறிந்து கன்வேயர் நின்றது. என்ன சத்தம் என்று அந்த இளைஞரைக் கேட்டேன். "விட்டு விட்டு டக் டக் என்றது. அதையெல்லாம் எழுதலாமா, ஐயா?" என்றார். அவருக்கு அந்தத் தயக்கத்தைக் கற்பித்தவர்கள் நாம்தாம்.

வேகக் குறைப்பி, மோட்டாரின் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்கும் பற்சக்கரப் பெட்டி. மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று சுழல, குறைப்பு விகிதம் 30 எனில், வெளித்தண்டு 48 சுற்றே சுழலும். நலமாயுள்ள பெட்டி சீராக முரலும். தட்டும் ஒலி கேட்டால் கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 48 தட்டு என்றால், வெளித்தண்டுச் சக்கரத்தில் ஒரு பல் பழுதுபட்டிருக்கலாம். இடைவிடாது கரகரத்தால் முதலில் பேரிங்கை ஐயுற வேண்டும்.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பேசும் இரட்டைக்கிளவி பிரிந்து இசைக்காதது. 'கரகர' அத்தகையது. 'டக் டக்' பிரித்தாலும் நிற்கும், ஆகவே அடுக்கு. தட்டை எண்ணலாம், கரகரப்பை எண்ண இயலாது. தேர்வில் இரு மதிப்பெண்ணுக்குச் சுருங்கிய இவ்வேறுபாடு பட்டறையில் பழுதின் இடத்தையே காட்டுகிறது.

எண்ணெய் பால்போல் வெளுத்தால் நீர் புகுந்திருக்கிறது. கருத்துத் தீய்ந்த நெடி வீசினால் மிகையாகச் சூடேறியிருக்கிறது.

கசிதல், சொட்டுதல், ஒழுகுதல் மூன்றும் ஒன்றல்ல. எது என எழுத வேண்டும். காரணத்தையும் தேட வேண்டும். பெட்டி சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரியும். அது வெளியேற மேலே பிரீதர் என்னும் சிறு துளைமூடி உண்டு. தூசி அதை அடைத்தால், உள்ளழுத்தம் எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். சீலை மட்டும் மாற்றினால் புதியதும் கசியும். குறைகிறதே என்று அளவுக்கு மேல் ஊற்றுவது இன்னொரு பிழை. சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து மேலும் சூடாக்கும். எதைத் திறப்பதாயினும் மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே.

அவ்விளைஞரும் நானும் அமர்ந்து அப்பதிவை மீண்டும் எழுதிப் பார்த்தோம்: 'இரவு 2 மணி. வெளித்தண்டுப் பக்கம் டக் டக் என்ற தட்டு, நிமிடத்துக்கு 48. கரகரப்பு இல்லை. எண்ணெய் அளவு சரி.'