சிலிண்டரைக் குடைய எந்த பிட்? திருச்சியின் மூன்று தொழில்கள் சொல்லும் பதில்

செயின்சா சிலிண்டரை போர்ட்டிங் பண்ண நினைப்பவர்கள் பெரும்பாலும் மெஷினில்தான் ஆரம்பிக்கிறார்கள். டிரெமல் போதுமா, டை கிரைண்டர் வேணுமா, எத்தனை ஆர்பிஎம்? இது தலைகீழ் வரிசை என்பது என் கட்சி. முதலில் பார்க்க வேண்டியது வெட்டப்போகும் உலோகம். அடுத்து அதற்கான பிட். மெஷின் கடைசியில்தான்.

போர்ட்டிங் என்றால் என்ன என்று ஒரு வரியில் பார்த்துவிடலாம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் ஜன்னல்களை பிஸ்டனே மேலும் கீழும் போய்த் திறந்து மூடும். அந்த ஜன்னல்கள்தான் போர்ட். அவற்றின் உயரத்தையும் அகலத்தையும் மாற்றினால் எஞ்சின் மூச்சு விடும் நேரமே மாறிவிடும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தை அறிமுகமானது மரம் அறுக்கும் மெஷினில் இல்லை, யமஹா ஆர்எக்ஸ் 100-ல். 1985 முதல் 1996 வரை வந்த அந்த வண்டியின் போர், ஸ்ட்ரோக் இரண்டும் 50 மி.மீ. ஹஸ்க்வர்னா 372 எக்ஸ்பி என்ற பெரிய செயின்சாவுக்கும் போர் அதே 50 மி.மீ., ஸ்ட்ரோக் மட்டும் 36. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பைக் மெக்கானிக்கின் அனுபவம் செயின்சாவில் ஏன் அப்படியே செல்லாது என்று புரியும்.

முதல் காரணம் கணக்கு. இரண்டிலும் கனெக்டிங் ராட் ஸ்ட்ரோக்கைப் போல இரண்டு மடங்கு நீளம் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பு, பிஸ்டன் உச்சியிலிருந்து கிராங்க் 100 டிகிரி திரும்பும்போது திறக்கிறது. இப்போது அந்த விளிம்பை 1 மி.மீ. உயர்த்தினால் ஆர்எக்ஸ் 100-ல் எக்ஸாஸ்ட் திறந்திருக்கும் காலம் சுமார் 5 டிகிரி கூடும். செயின்சாவில் கிட்டத்தட்ட 7 டிகிரி. ஸ்ட்ரோக் குறையக் குறைய ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் மதிப்பு கூடிக்கொண்டே போகும். ஸ்டில் எம்எஸ் 180 மாதிரி சின்ன மெஷினில் ஸ்ட்ரோக் வெறும் 28 மி.மீ. அங்கே கை அரை மில்லிமீட்டர் வழுக்கினாலே எஞ்சினின் குணம் மாறும்.

இரண்டாவது காரணம் உலோகம். ஆர்எக்ஸ் 100-ல் அலுமினிய பிளாக்குக்குள் வார்ப்பிரும்பு லைனர் உட்கார்ந்திருக்கும். கீறல் விழுந்தால் ரீபோர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு ஓட்டிவிடலாம். இன்றைய செயின்சாவில் பெரும்பாலும் லைனர் இல்லை. அலுமினியத்தின் மேல் நேரடியாக குரோம் அல்லது நிகாசில் பூச்சு. நிகாசில் என்பது நிக்கலுக்குள் சிலிக்கான் கார்பைடு துகள்களைப் பதித்த பூச்சு; ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967-ல் கொண்டுவந்தது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. போர்ட் விளிம்பில் இது ஒரு இடத்தில் பெயர்ந்தால், ஓடும்போது ரிங் அந்த இடத்திலிருந்து மீதியையும் உரித்துக்கொண்டு போகும். ரீபோர் வழி கிடையாது, புது சிலிண்டர்தான். கோடில் தப்பு வந்தால் பழைய கமிட்டுக்குத் திரும்பலாம். அலுமினியத்தில் அன்டூ இல்லை.

எது எந்த வகை என்று தெரியவில்லையா? சின்னக் காந்தம் ஒன்றை உள்சுவரில் வைத்துப் பாருங்கள். இரும்பு லைனர் என்றால் கப்பென்று ஒட்டும். பூச்சு சிலிண்டரில் அந்தப் பிடி இருக்காது.

ஆக மூன்று பொருள்: அலுமினியம், வார்ப்பிரும்பு, கடினப் பூச்சு. மூன்றையும் நன்றாக வெட்டும் ஒரே பிட் கிடையாது. திருச்சியில் இருக்கும் மூன்று தொழில்களை வைத்தே இதை விளக்கலாம்.

முதலாவது, பெல் ஆலையைச் சுற்றி துவாக்குடிப் பக்கம் வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். வெல்டிங் தையலைத் தேய்த்துச் சீராக்க அங்கே டை கிரைண்டரும் 6 மி.மீ. தண்டு கொண்ட கார்பைடு பர்ரும் அன்றாடச் சாமான். ஆனால் எஃகுக்குப் பயன்படுவது டபுள் கட், அதாவது பல்வரிசை குறுக்கும் நெடுக்குமாக இருப்பது. கடையில் சும்மா "கார்பைடு பர்" என்று கேட்டால் அநேகமாக இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வார்ப்பிரும்பு லைனருக்கு இது அருமை. அலுமினியத்தில் வைத்தால் சில நொடியில் பல்லிடுக்கு அடைத்து, வெட்டுவதை விட்டுவிட்டு வெறுமனே தேய்த்துச் சூடாக்கும். அலுமினியத்துக்கு என்றே பல் அகலமாக, இடைவெளி ஆழமாக இருக்கும் பர் உண்டு. "அலுமினியம் கட்" என்று சொல்லிக் கேட்டு வாங்க வேணும். அதுவும் அடைக்காமல் இருக்க அவ்வப்போது மெழுகுவர்த்தியில் ஒரு தொடு தொட்டுக்கொண்டால் போதும்.

இரண்டாவது, திருச்சியைச் சுற்றி பல காலமாக நடக்கும் செயற்கை வைரக்கல் பட்டை தீட்டும் தொழில். கடினமான கல்லைப் பல் வைத்து வெட்ட முடியாது, வைரத்தூள் வைத்துத் தேய்க்கத்தான் முடியும். நிகாசிலுக்கும் அதே விதி. கார்பைடின் பல் விளிம்பில் மோதினால் பூச்சைக் கொத்தித் தூக்கிவிடும். நுண்ணிய வைரத்தூள் ஒட்டிய பிட் கொத்தாது, கொஞ்சம் கொஞ்சமாக அராவும். பிட் சுழலும் திசையும் முக்கியம். அது பூச்சை அலுமினியத்தோடு சேர்த்து அமுக்க வேண்டும், சிலிண்டருக்கு உள்பக்கமாக இழுக்கக்கூடாது. அதற்காக எல்லாவற்றுக்கும் வைரமே போதும் என்று நினைக்க வேண்டாம். அலுமினியத்தில் வைரப் பிட் உடனே அடைத்துவிடும். இரும்பில் வேகமாக ஓட்டினால் அந்தச் சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்போடு சேர்ந்து பிட் சீக்கிரம் மழுங்கும்.

மூன்றாவது, நகைத் தொழில். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி மெயின்கார்டு கேட் வழியாகப் பெரிய கடைவீதிக்கு நடந்தே போய்விடலாம். நகைப் பட்டறையில் மேலே கொக்கியில் தொங்கும் மோட்டார், அதிலிருந்து வளையும் ஷாஃப்ட், பென்சில் மாதிரி ஒரு கைப்பிடி, காலடியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெடல். போர்ட்டிங்குக்கு இதைவிட நல்ல அமைப்பு எனக்குத் தெரியவில்லை. எடை கையில் இல்லை. விளிம்பை நெருங்கும்போது காலைத் தளர்த்தினால் வேகம் குறையும்.

இப்போது மெஷினுக்கு வருவோம். தேர்வை முடிவு செய்வது தண்டின் விட்டம். 6 மி.மீ. தண்டு என்றால் டை கிரைண்டர். நிறைய உலோகத்தை எடுக்கும், ஆனால் செயின்சா போர்ட்டுக்கு முரட்டுத்தனம். 3 மி.மீ. தண்டு என்றால் டிரெமல் வகை அல்லது தொங்கும் மோட்டார். பெரும்பாலான வேலை இதிலேயே முடியும். 2.35 மி.மீ. என்றால் பல் மருத்துவர்களும் நகைத் தொழிலாளர்களும் பயன்படுத்தும் அளவு, நுண்வேலைக்கு. 50 மி.மீ. குழாய்க்குள் பிட்டை நேராக விட்டு டிரான்ஸ்ஃபர் போர்ட்டின் மேல் விளிம்பைத் தொட முடியாது. அதற்கு 90 டிகிரி வளைந்த கைப்பிடி வேணும்.

ஆர்பிஎம் மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 25,000 ஆர்பிஎம்மில் 10 மி.மீ. பிட்டின் விளிம்பு நிமிடத்துக்கு 785 மீட்டர் ஓடும். 3 மி.மீ. பிட் 236 மீட்டர்தான். சின்ன பிட்டுக்கு வேகம் தேவை, பெரிய பிட்டுக்குக் கட்டுப்பாடு தேவை. நீளத் தண்டு பிட்டை முழு வேகத்தில் காற்றில் ஓட்டவே கூடாது. தண்டு வளைந்து சாட்டை மாதிரி அடிக்கும். கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

வேலை வரிசை இப்படி இருக்கலாம். சுவரில் மார்க்கர் பூசி எல்லையைக் கீறிக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்ட்டின் அகலம் போரில் 60 முதல் 65 சதவீதத்துக்குள் இருக்கட்டும், 50 மி.மீ. போருக்கு அதிகபட்சம் 32 மி.மீ. பிஸ்டனின் பக்கச்சுவர் போர்ட்டை இரு ஓரத்திலும் முழுசாக மூடுகிறதா, ரிங்கின் முனை போர்ட்டின் மேல் வராமல் இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் வைரப் பிட்டால் பூச்சை எல்லை வரை அராவி எடுத்து, பிறகு உள்ளே இருக்கும் அலுமினியத்தை அலுமினியம் கட் பர்ரால் குடையுங்கள். கடைசியில் விளிம்பு முழுக்க மெல்லிய சரிவு. கூர்மையான விளிம்பு ரிங்கை மாட்டி உடைக்கும். சோப்பு வெந்நீரில் பலமுறை கழுவாமல் அசெம்பிள் பண்ணக்கூடாது. உள்ளே தங்கும் வைரத்தூள் பேரிங்கைத் தின்றுவிடும்.

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை அகற்ற டெல்டாவில் ஊர் ஊராக செயின்சா இறங்கியது. அந்த மெஷின் பலருக்கு அன்றாடக் கூலி. அப்படி ஒரு மெஷினைக் குடைவதற்கு முன்னால் செயின் கூராக இருக்கிறதா, ஏர் ஃபில்டர் சுத்தமா என்று பாருங்கள். எக்ஸாஸ்ட்டை உயர்த்தினால் மேல் வேகம் கூடும், பாரம் ஏறும்போது இழுவை குறையும். கூலி வேலைக்கு அந்தப் பேரம் பல நேரம் கட்டுப்படியாகாது. ஆசைக்குப் பண்ணுபவர்கள் மெக்கானிக் கடையின் குப்பையில் கிடக்கும் செத்த சிலிண்டர் இரண்டை வாங்கி, அதில் கை பழகிவிட்டு நல்லதைத் தொடுங்கள்.