ஆள் நிற்கத் தேவையில்லாத அடுப்பு

கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாகத் திரும்பும் ஒழுங்கை ஒன்றிலுள்ள மாடிவீட்டில் சமையல் வேலை செய்யும் தாய் ஒருவரை நாம் அறிவோம். வன்னியில் வயலும் மேட்டுக்காணியும் வைத்து வாழ்ந்த குடும்பம் அவருடையது. 2008இல் இடம்பெயர்ந்து, 2009இல் மெனிக் பாம் முகாமில் இருந்து, பின்னர் பிழைப்புத் தேடிக் கொழும்புக்கு வந்து, இன்று கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் வாழ்கிறது. தகப்பனார் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறார். மகன் வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறான். மகள் பாடசாலை மாணவி. நால்வரும் நான்கு நேரத்தில் வீடு திரும்புவார்கள். அவரவர் வரும் நேரத்தில் பாணோ சோற்றுப் பார்சலோ வாங்கி உண்பார்கள். ஊரில் ஒரே சட்டியைச் சுற்றியிருந்து உண்ட குடும்பம் அது.

ஒருநாள் அத்தாய் எம்மிடம் இப்படிச் சொன்னார்: “சுவாமி, அந்த வீட்டுச் சட்டி காலமை வைச்சால் பின்னேரம் தானாய் வெந்து கிடக்குது. எங்கட அடுப்புக்குத்தான் ஆள் பக்கத்தில நிக்க வேணும். நிக்கிறதுக்கு எங்களிட்ட ஆள் எங்க?”

அவர் குறிப்பிட்டது ‘ஸ்லோ குக்கர்’ எனப்படும் மின்சாரச் சட்டியை. அவ்வீட்டார் அதில் அடிக்கடி சமைப்பிப்பது, மெக்சிக்கோ நாட்டு முறையிலான ஒரு பன்றி இறைச்சிக் குழம்பு. அத்தாயின் கேள்வி எம்மைச் சிந்திக்க வைத்தது. அந்தச் சட்டி செய்யும் வேலையை, சட்டி இல்லாமலே எமது அறைகளிலும் செய்ய முடியாதா?

சட்டியின் கதை

இச்சட்டி செல்வந்தர் வீட்டில் பிறந்த ஒன்றல்ல. இதனை ஆக்கிய அமெரிக்கர் ஏர்விங் நாக்சன் 1940இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் தம் தாய் சிறுமியாக இருந்த காலத்துக் கதையே அவருக்கு வழிகாட்டியது. யூத மக்கள் ஓய்வுநாளில் தீ மூட்டுவதில்லை. எனவே வெள்ளி மாலை பொழுது சாயுமுன், இறைச்சியும் அவரையும் இட்ட சட்டியைப் பேக்கரி அடுப்பில் வைத்துவிடுவார்கள். அடுப்பில் எஞ்சியிருக்கும் சூட்டில் அது இரவெல்லாம் வெந்து, மறுநாள் உணவாகும். ஒரே அடுப்பின் சூட்டை ஊரார் பகிர்ந்துகொண்ட வழக்கத்திலிருந்தே இந்த இயந்திரம் வந்தது.

குழம்பும் எமக்கு அந்நியமானதல்ல. மிளகாய், தக்காளி, சோளன் மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகெங்கும் பரவியவை. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்த பின்னரே மிளகாய் இங்கு வேரூன்றியது. அதற்கு முன் எம்மவரின் காரம் மிளகுதான். அந்த நினைவே ‘மிளகாய்’ என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. மறுபுறம், மெக்சிக்கோவுக்குப் பன்றியைக் கொண்டு சென்றவர்கள் ஸ்பானியர். ஆகவே வன்னியில் மிளகாயும் சோளனும் பயிரிட்ட கைகளுக்கு இக்குழம்பு புதிதாகத் தோன்றாது.

செய்முறை

பன்றித் தோள்பட்டை இறைச்சி 1 கிலோ, பெரிய வெங்காயம் 2, உள்ளி 6 பல்லு, தக்காளி 4, கறிமிளகாய் 4, பச்சை மிளகாய் 2, வறுத்துப் பொடித்த சீரகம் 2 தேக்கரண்டி, அவித்து உதிர்த்த சோளன் 1 கோப்பை, உப்பு, தேசிக்காய் 1 ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிக்கர் ‘ஒரிகானோ’ என்னும் இலையைச் சேர்ப்பர். அதற்குப் பதிலாகக் கற்பூரவள்ளி இலை 5 போதும். மணம் அதை ஒத்தது. தோள்பட்டை இறைச்சியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விலை கூடிய மெல்லிய துண்டுகள் நீண்டநேரம் வெந்தால் சக்கையாகிவிடும். கொழுப்பும் சவ்வும் கலந்த தோள்பட்டையோ மெல்ல வேக வேக இளகி மெதுமையாகும்.

இறைச்சியை ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, உப்பிட்டு, சட்டியில் சிவக்க வதக்குங்கள். வெங்காயம், உள்ளி, மிளகாய் வகைகளைச் சேர்த்து வதக்கி, தக்காளி, சீரகம், கற்பூரவள்ளி, சோளன் ஆகியவற்றையும் போடுங்கள். மின்சாரச் சட்டியானால் அரைக் கோப்பை நீர் போதும். ஆவி வெளியேறாததால் நீர் வற்றாது. குறைந்த சூட்டில் 8 மணி நேரம், கூடிய சூட்டில் 4 முதல் 5 மணி நேரம் ஆகும். இடையில் மூடியைத் திறக்க வேண்டாம். இறக்கியபின் தேசிக்காய் பிழியுங்கள். சோறு, பாண், ரொட்டி எதனோடும் உண்ணலாம்.

பன்றி இறைச்சி உண்ணாத அயலவருக்குக் கோழி அல்லது ஆட்டிறைச்சியில் இதே முறையில் செய்து கொடுக்கலாம்.

மின்சாரமின்றி

200 வாட் மின்சாரச் சட்டி 8 மணி நேரத்தில் 1.6 அலகு மின்சாரம் எடுக்கும். சாதாரண 1000 வாட் மின்னடுப்பு 2 மணி நேரத்தில் 2 அலகு எடுக்கும். ஆகவே இதன் பெரிய பயன் செலவுக் குறைவல்ல. கையும் நேரமும் விடுபடுவதே. ஆனால் வாடகை அறைகளில் மின்மானி பொதுவாக இருக்கும். சட்டியின் விலையும் எட்டாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததையும், எரிவாயுச் சிலிண்டருக்காக வரிசையில் நின்றதையும் நாம் மறக்கவில்லை.

இதற்கு வழி வைக்கோற் பெட்டி. இரு உலகப் போர்களின் காலத்திலும் எரிபொருள் தட்டுப்பட்டபோது இங்கிலாந்துக் குடும்பங்கள் கையாண்ட முறை இது. மரப்பெட்டி அல்லது தடித்த அட்டைப்பெட்டி ஒன்றில் அடியிலும் சுற்றிலும் நான்கு அங்குலத் தடிப்புக்கு உலர்ந்த வைக்கோலோ தென்னந்தும்போ அடையுங்கள். நகரத்தில் பழைய போர்வையும் சேலைத்துணியும் போதும். ரெஜிபோம் பெட்டியும் உதவும். ஆனால் சுடுசட்டி அதில் நேரே படாதவாறு துணியால் நன்றாகச் சுற்றுங்கள்.

மேற்சொன்ன குழம்பை இரண்டு கோப்பை நீர் விட்டு, நன்றாக மூடக்கூடிய சட்டியில் 30 நிமிடம் கொதிக்க வையுங்கள். சட்டி முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும்; பாதி வெறுமையான சட்டி விரைவில் ஆறிவிடும். கொதிக்கக் கொதிக்க மூடியோடு பெட்டியில் இறக்கி, மேலே துணித் தலையணை வைத்து அழுத்தி மூடுங்கள். 4 மணி நேரம் திறக்காதீர்கள். எடுத்தபின் அடுப்பில் 10 நிமிடம் மீண்டும் கொதிக்க வைத்தே பரிமாறுங்கள். அடுப்பு எரிவது மொத்தம் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்.

கவனிக்க வேண்டியவை

உணவில் கிருமி பெருகுவது 5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடையில். ஆகவே பெட்டியிலுள்ள சட்டியைக் காலை முதல் இரவு வரை விட்டுவைக்க வேண்டாம். நான்கு அல்லது ஐந்து மணி நேரமே எல்லை. திறக்கும்போது விரல் வைக்க முடியாத சூடு இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் அந்த உணவை நம்ப வேண்டாம். மின்சாரச் சட்டி வைத்திருப்போர், மின்வெட்டானால் உடனே அடுப்புக்கு மாற்றுங்கள். ஐஸில் உறைந்த இறைச்சியை அப்படியே போடாதீர்கள். பன்றி இறைச்சி உள்ளே சிவப்பு மாறாமல் இருந்தால் நாடாப்புழு தொற்றலாம்.

மெக்சிக்கர் சேர்க்கும் சிவப்பு அவரை விதையை (ராஜ்மா) நீங்களும் சேர்ப்பதானால், இரவு ஊறவைத்து, அந்நீரை ஊற்றிவிட்டு, புதுநீரில் 10 நிமிடம் துள்ளக் கொதிக்க வைத்த பின்னரே சட்டியில் இடுங்கள். அவ்விதையில் இயற்கையாகவே உள்ள நச்சு, மெல்லிய சூட்டில் அழியாது. கடும் வாந்தியை உண்டாக்கும்.

அந்தக் குடும்பம்

அத்தாய்க்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு. காலைத் திருப்பலிக்குப் போகுமுன் சட்டியைப் பெட்டியில் இறக்கி வைக்கிறார். பூசை முடிந்து, சந்தைக்கும் போய், மதியம் வீடு வரும்போது குழம்பு தயார். கடந்த மாதம் நாமும் அவர்களோடு நிலத்தில் பாய் விரித்து உண்டோம். தகப்பனார் அதிகம் பேசுபவரல்லர். அன்று சோளனை விரலால் எடுத்துப் பார்த்து, “எங்கட மேட்டுக்காணியில இதைவிடப் பெரிசாய் விளையும்” என்றார். மகள் அக்காணியைக் கண்டதில்லை. எங்கே, எவ்வளவு என்று கேட்கத் தொடங்கினாள். பேச்சு நீண்டது.

காணிக்கு ஒரு சட்டி ஈடாகாது. அந்த உரிமைக்காகத் தொடர்ந்து குரல்கொடுப்பது எமது கடமை. ஆயினும் ஊரைப் பற்றிய பேச்சு பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வது, எல்லோரும் ஒன்றாக இருந்து உண்ணும் வேளையிலேதான். உங்கள் குடும்பத்தில் அந்த வேளை எது? அடுத்த அன்பியக் கூட்டத்தில் இதைப்பற்றிக் கலந்துரையாடுங்கள். இயன்றால் ஒரு பெட்டியையும் கூடிச் செய்து பாருங்கள்.